வேலை நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் மிச்ச நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

வாரத்துக்கு மூன்று நாள் ஆஃப் கிடைக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நான் ஒரு முறை ஷிப்ட் மாறினேன். நான்கு நாள் வேலை, தினம் பத்து மணி நேரம், அப்புறம் மூன்று நாள் வீட்டில். கேட்டவர்கள் எல்லாம் "கொடுத்து வைத்தவன்" என்றார்கள், நானும் நம்பினேன். ஆனால் அந்த மூன்று நாள் செவ்வாய், புதன், வியாழன். வீட்டில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பிப் போய்விடுவார்கள், நண்பர்களுக்குப் போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்பார்கள், நான் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். எல்லாரும் சேர்ந்து வீட்டில் இருக்கும் சனி ஞாயிறு நான் டூட்டியில். ஐந்தாவது மாதம் பழைய நேரத்துக்கே திரும்பக் கேட்டு எழுதிக்கொடுத்தேன்.

நான் செய்த தப்பு, ஆஃப் எத்தனை நாள் என்று மட்டும் பார்த்தது. அது எந்தக் கிழமையில் விழுகிறது, அப்போது எனக்கு எவ்வளவு தெம்பு இருக்கும், நான் யாரோடு இருக்க நினைக்கிறேனோ அவர்களுக்கு அப்போது நேரம் இருக்குமா என்று யோசிக்கவே இல்லை. ஒரு வேலை நேரம் உங்களிடமிருந்து எவ்வளவு எடுக்கிறது என்பதை எல்லாரும் பார்ப்பார்கள், எதை மிச்சம் வைக்கிறது என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். கீழே சொல்லப்போவது எல்லாம் அதற்கான வழிதான்.

முதலில் ஒரு தாள், ஒரு பேனா, ஒரு பென்சில்

வாரத்துக்கு 168 மணி நேரம். ஏழு கட்டம் போட்டு, உங்களால் நகர்த்தவே முடியாத விஷயங்களைப் பேனாவால் எழுதுங்கள். குழந்தையைப் பள்ளியில் விடும் நேரம், வயதான அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கும் நேரம், மாலை வகுப்பு, கடைசிப் பேருந்து, துணைவரின் டூட்டி நேரம், இப்படி. நகர்த்தினால் நகரும் விஷயங்களைப் பென்சிலால் எழுதுங்கள்: உடற்பயிற்சி, கடைக்குப் போவது, நண்பர்களைப் பார்ப்பது. பேனாவில் எழுதியதை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது மூன்று நான்குக்கு மேல் இருக்காது, அந்த மூன்று நான்கில் மோதும் எந்த ஷிப்டும், சம்பளம் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும், கொஞ்ச நாளில் வீட்டில் சண்டையாகத்தான் முடியும். பென்சிலில் எழுதியவற்றை விட்டுக்கொடுக்கலாம், ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விட்டுக்கொடுத்துவிட்டு "பரவாயில்லை, சமாளிப்போம்" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னவன் நான்.

அடுத்து, வேலை நேரத்தைக் கதவிலிருந்து கதவு வரை கணக்கிடுங்கள். வேலைக்குப் போக ஒரு மணி நேரம், திரும்ப ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம், தூக்கத்துக்கு எட்டு மணி நேரம். தினம் எட்டு மணி நேர வேலை, அரை மணி நேர இடைவேளை என்றால் வேலை நாளில் உங்கள் கையில் நிற்பது ஐந்தரை மணி நேரம். பத்து மணி நேர வேலை என்றால் மூன்றரை. இடைவேளையும் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் என்றால் வெறும் இரண்டு, அதில்தான் குளியல், சாப்பாடு, துணி எடுத்து வைப்பது எல்லாம். ஆகவே பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் வேலை நாளை "வாழும் நாள்" கணக்கில் சேர்க்கவே கூடாது, அன்றைக்கு வேலை, தூக்கம், அவ்வளவுதான் என்று முடிவு செய்துவிட்டு மற்ற நாட்களை வைத்து யோசியுங்கள். சிலருக்கு அது அருமையாகப் பொருந்தும். பயணம் அதிகம் உள்ளவர்களுக்கு நாலு நாள் வேலையில் லாபம் உண்டு, ஐந்து நாளுக்குப் பத்து மணி நேரம் சாலையில் போவது எட்டாகக் குறைகிறது. தினமும் சாயங்காலம் குழந்தையோடு உட்கார வேண்டியவர்களுக்கு அதே ஏற்பாடு நரகம்.

இந்த எட்டு மணி நேரம், ஐந்து நாள் என்பதும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி தூக்கம் என்ற கோரிக்கையை ராபர்ட் ஓவன் 1817ல் வைத்தார். சர்வதேச தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையாக நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு போட்டது 1919ல்தான். ஃபோர்டு தொழிற்சாலைகளில் ஐந்து நாள் வாரம் வந்தது 1926ல். யாரோ கேட்டு, யாரோ ஒப்புக்கொண்டு வந்த ஏற்பாடு என்பதால் உங்கள் இடத்திலும் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. அதைப் பற்றிக் கடைசியில்.

உங்கள் உடம்பு எப்போது விழித்திருக்க விரும்புகிறது

இதை யாரும் கேட்பதில்லை, இன்டர்வியூவில் நிச்சயம் கேட்க மாட்டார்கள். நீங்களே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். நீண்ட விடுமுறையில், அலாரம் வைக்காமல், முதல் இரண்டு மூன்று நாள் பழைய தூக்கக் கடன் தீர்ந்தபின், தானாக எத்தனை மணிக்குத் தூக்கம் வருகிறது, எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்று குறித்து, இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரத்தைப் பாருங்கள். இரவு 11க்குத் தூங்கி 7க்கு எழுந்தால் நடுப்புள்ளி 3 மணி. 2க்குத் தூங்கி 10க்கு எழுந்தால் 6 மணி. இப்போது வேலை நாட்களில் உங்கள் நடுப்புள்ளி என்ன என்று பாருங்கள். இரண்டுக்கும் மூன்று மணி நேர வித்தியாசம் இருந்தால், நீங்கள் ஒவ்வொரு வாரமும் மூன்று மணி நேர வித்தியாசமுள்ள ஒரு நாட்டுக்கு விமானத்தில் போய்த் திரும்புவது போலத்தான். தூக்க ஆய்வாளர் டில் ரோனபெர்க் குழுவினர் 2006ல் இதற்கு "சோஷியல் ஜெட்லாக்" என்றே பெயர் வைத்தார்கள்.

பதின்பருவத்தில் இந்த நேரம் பின்னுக்குத் தள்ளிப்போகும், இருபது வயதைத் தாண்டியபின் மெல்ல மெல்ல முன்னுக்கு வரும். ஆகவே இருபத்திரண்டு வயதில் உங்களுக்கு ஒத்துவந்த நைட் ஷிப்ட் நாற்பத்தைந்தில் ஒத்துவராமல் போவதில் அதிசயமில்லை. காலையில் எழ முடியாதவர்களைச் சோம்பேறி என்று திட்டுபவர்களுக்கு ஒரு தகவல்: உடம்புக்குள் ஓடும் இந்தக் கடிகாரம் ஜீன்களில் எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்த மூவருக்கு 2017ல் மருத்துவ நோபல் பரிசே கொடுத்தார்கள். காலை ஆறு மணி ஷிப்ட் உங்களுக்குத் தண்டனையாக இருந்தால் அதில் ஒழுக்கக்கேடு எதுவும் இல்லை, நேரம் பொருந்தவில்லை.

நைட் ஷிப்டும் சுழற்சி ஷிப்டும்

இதில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் கூடுதல் அலவன்ஸைப் பார்த்து ஒப்புக்கொள்பவர்கள் இங்கேதான் அதிகம்.

பகலில் தூங்கிக்கொள்ளலாம் என்பது காகிதத்தில் சரி. நடப்பில் பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தை விடக் குறைவாகவும் அடிக்கடி கலைவதாகவும்தான் இருக்கும், காரணம் வெளிச்சம். நம் உள் கடிகாரத்தைத் தினமும் சரிசெய்வது முக்கியமாக வெளிச்சம்தான், நைட் முடித்து வெயிலில் வீட்டுக்கு வரும்போதே "விடிந்துவிட்டது, விழித்திரு" என்று உடம்புக்குச் செய்தி போய்விடுகிறது. அதனால் திரும்பி வரும்போது கறுப்புக் கண்ணாடி, அறையில் கெட்டியான திரை, போன் வேறு அறையில், இவை மூன்றும் இல்லாமல் நைட் ஷிப்ட் ஒப்புக்கொள்ளாதீர்கள். காபியை ஷிப்டின் முதல் பாதியோடு நிறுத்துங்கள். நீங்கள் குடித்த கஃபைனில் பாதி வெளியேறவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும்.

பல வருடம் நைட் பார்த்தால் உடம்பு பழகிவிடும் என்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு முழுதாகப் பழகுவதில்லை, காரணம் எளிது, ஆஃப் நாளில் எல்லாரும் பகல் வாழ்க்கைக்குத் திரும்பிவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007ல் இரவு நேரச் சுழற்சி வேலையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில், 2ஏ பிரிவில், சேர்த்தது, 2019ல் மறுபடி பரிசீலித்து அதே பிரிவிலேயே வைத்தது. அந்தப் பிரிவு ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறதே தவிர ஆபத்து எவ்வளவு பெரிது என்பதைச் சொல்வதில்லை, ஆகவே பயந்து நடுங்க வேண்டாம். ஆனால் "எத்தனை வருடம் இதைச் செய்யப் போகிறேன்" என்ற கேள்விக்கு உங்களிடம் ஒரு பதில் இருக்கட்டும். கடன் தீரும் வரை, படிப்பு முடியும் வரை என்று ஒரு முடிவுத் தேதி உள்ளவர்கள் நைட்டை நன்றாகவே சமாளிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சுழற்சி ஷிப்ட் என்றால் எந்தத் திசையில் சுழல்கிறது என்று கேளுங்கள். காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிப் போவது ஓரளவு எளிது. மனிதனின் உள் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கூடுதலாக ஓடுகிறது, அதனால் தூங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவது முன்னுக்கு இழுப்பதை விட அதற்குச் சுலபம். இரவு, மதியம், காலை என்று பின்னோக்கிச் சுழன்றால் இன்னொரு தொல்லையும் கூடவே வரும்: இரவு 10 மணிக்கு மதிய ஷிப்ட் முடிந்து அடுத்த நாள் காலை 6 மணிக்கு மறுபடி டூட்டி. நடுவில் எட்டு மணி நேரம், அதில் பயணமும் சாப்பாடும் போனால் தூக்கம் ஐந்து மணி நேரம் தேறினால் பெரிது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலை நேர விதிப்படி 24 மணி நேரத்தில் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு கொடுக்க வேண்டும். உங்கள் நாட்டுச் சட்டம் எதுவாக இருந்தாலும், ரோஸ்டரை, அதாவது ஷிப்ட் அட்டவணையை, பார்க்கும்போது அந்த 11ஐ அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் நான்கைந்து இடத்தில் அதற்குக் கீழே இறங்கினால் அந்த ரோஸ்டரை எழுதியவர் அந்த ஷிப்டைப் பார்த்ததே இல்லை என்று அர்த்தம்.

அப்புறம், நைட் முடித்து வண்டி ஓட்டுவது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காலையில் எழுந்து வீட்டு வேலையெல்லாம் பார்த்துவிட்டு அப்படியே முதல் நைட்டுக்குப் போகிறவர் அதிகாலையிலேயே அந்த அளவைத் தாண்டிவிடுவார். முதல் நைட்டுக்கு முன் மதியம் ஒன்றரை மணி நேரமாவது தூங்குங்கள், திரும்பும்போது பேருந்தோ கூடவே வரும் ஆளோ உண்டா என்று ஷிப்டை ஒப்புக்கொள்ளும் முன்பே பாருங்கள்.

மற்ற ஏற்பாடுகள், சுருக்கமாக

இரண்டு வாரத்தில் ஒன்பது நாள் வேலை: எட்டு நாள் ஒன்பது மணி நேரம், ஒரு நாள் எட்டு மணி நேரம், மொத்தம் 80, ஒரு நாள் கூடுதல் ஆஃப். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான், தினம் ஒரு மணி நேரம் அதிகம் என்பது பெரிதாகத் தெரியாது.

நாலு நாள் வேலை நாலு நாள் ஆஃப், பன்னிரண்டு மணி நேரம்: வாரத்துக்குச் சராசரி 42 மணி நேரம். எட்டு நாள் சுழற்சி என்பதால் ஆஃப் ஒவ்வொரு வாரமும் ஒரு கிழமை தள்ளிப்போகும். செவ்வாய்தோறும் வகுப்பு, ஞாயிறுதோறும் விளையாட்டு என்று எதிலும் சேர முடியாது. இரண்டு நாள் வேலை, இரண்டு நாள் ஆஃப், மூன்று நாள் வேலை, அடுத்த வாரம் அப்படியே தலைகீழாக என்று மாறி வரும் முறையிலும் அதே 42தான், ஆனால் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வெள்ளி முதல் ஞாயிறு வரை நிச்சயம் கிடைக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் குடும்பம் உள்ளவர்கள் இரண்டாவதை எடுங்கள்.

பிளெக்ஸி டைம்: ஜெர்மனியில் மூனிச் அருகே ஒரு விமானத் தயாரிப்பு நிறுவனம் 1967ல் தொடங்கியது. "எப்போது வேண்டுமானாலும் வரலாம்" என்று சொல்வார்கள், நீங்கள் கேட்க வேண்டியது எல்லாரும் கட்டாயம் இருக்க வேண்டிய நேரம் எது என்பது. காலை 9 முதல் மாலை 5 வரை கட்டாயம் என்றால் அதில் பிளெக்ஸி எங்கே இருக்கிறது?

ஸ்ப்ளிட் ஷிப்ட், அதாவது காலையில் நாலு மணி நேரம், நடுவே இடைவெளி, சாயங்காலம் நாலு மணி நேரம்: வீடு பக்கத்தில் இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் அந்த இடைவெளி உங்களுடையதும் இல்லை, கம்பெனியுடையதும் இல்லை.

வேறு நாட்டு டீமோடு வீட்டிலிருந்து வேலை: அந்த நாட்டில் வருடம் இரண்டு முறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் மாற்றுவார்களா என்று பாருங்கள். மாற்றினால் உங்கள் ஒன்பது மணி மீட்டிங் ஒரு நாள் திடீரென்று பத்து மணி மீட்டிங் ஆகிவிடும்.

பகுதி நேரம்: நேரம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, சம்பளமும் குறைகிறது, வேலை மட்டும் அப்படியே இருக்கிறது. இதுதான் வழக்கமான பொறி. எந்த வேலை உங்களிடமிருந்து போகிறது, அதை யார் செய்யப் போகிறார் என்று பெயரோடு எழுதி வாங்காமல் நேரத்தைக் குறைக்காதீர்கள்.

ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டியவை

ரோஸ்டர் எத்தனை நாள் முன்னால் கைக்கு வரும்? இது முதல் கேள்வி. நாலு வாரம் முன்னால் தெரிகிற கஷ்டமான ஷிப்டை, வியாழக்கிழமை இரவு வாட்ஸாப்பில் வரும் சுலபமான ஷிப்டை விட நன்றாகச் சமாளிக்கலாம், என் அனுபவத்தில் ஆளை உடைப்பது நீளத்தை விட நிச்சயமின்மைதான். ஷிப்டை இன்னொருவரோடு மாற்றிக்கொள்ளலாமா, அதற்கு யார் அனுமதி? ஓவர்டைம் விருப்பமா கட்டாயமா? உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021ல் வெளியிட்ட கணக்கின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களை விடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். ஆகவே காகிதத்தில் 45 என்று இருந்து ஓவர்டைமில் 56 ஆகும் இடத்தை 56 மணி நேர வேலை என்றே எண்ணுங்கள்.

லீவு எப்படிக் கழிக்கப்படும் என்றும் கேளுங்கள், இதை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பத்து மணி நேர ஷிப்டில் ஒரு நாள் லீவு போட்டால் சில இடங்களில் பத்து மணி நேரம் கழிப்பார்கள், லீவுக் கணக்கோ எட்டு மணி நேர நாளாக ஏறியிருக்கும், வருடக் கடைசியில் நாலைந்து நாள் காணாமல் போயிருக்கும். பொது விடுமுறை உங்கள் ஆஃப் நாளில் விழுந்தால் மாற்று நாள் உண்டா என்பதும் இதே வகை.

ஆன் கால் என்றால், அழைப்பு வந்து எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும், காத்திருக்கும் நேரத்துக்குப் பணம் உண்டா, போன மாதம் எத்தனை முறை போன் அடித்தது? கடைசிக் கேள்வியை மேனேஜரிடம் கேட்காதீர்கள், அந்த வேலையை இப்போது பார்ப்பவரிடம் டீக்கடையில் கேளுங்கள்.

கேட்டு வாங்குவது

"எனக்கு இந்த நேரம் கஷ்டமாக இருக்கிறது" என்று போனால் "எல்லாருக்கும்தான்" என்று பதில் வரும், எனக்கு வந்தது. இரண்டாவது முறை ஒரு பக்கத் தாளோடு போனேன்: நான் கேட்கும் நேரம் இது, நான் இல்லாத நேரத்தில் இன்ன வேலையை இன்னார் பார்ப்பார், அவரிடம் பேசிவிட்டேன், பதிலுக்கு மாதக் கடைசி வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன், எட்டு வாரம் செய்து பார்ப்போம், சரிவராவிட்டால் பழைய நேரத்துக்கே வருகிறேன். பத்து நிமிடத்தில் முடிந்தது. மேனேஜருக்குப் பயம் உங்கள் ஒருவரின் நேரத்தைப் பற்றி இல்லை, உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கப்போகிறவர்களைப் பற்றி. "சோதனை" என்ற சொல் அந்தப் பயத்தைக் குறைக்கிறது.

எட்டு வாரம் ஏன் என்றால், முதல் இரண்டு வாரம் எந்தப் புது நேரமும் இனிக்கும், மூன்று நான்காவது வாரம் எதுவும் கசக்கும். ஆறாவது வாரத்துக்கு மேல் உள்ளதைத்தான் நம்பலாம். அந்த எட்டு வாரமும் தினம் இரண்டே விஷயம் குறித்து வையுங்கள்: எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், பேனாவில் எழுதிய அந்த மூன்று நான்கில் ஏதாவது தவறியதா. கடைசி மூன்று வாரத்துச் சராசரி தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் கீழே இருந்தால், மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்த நேரம் உங்களுக்கானது இல்லை. வீட்டில் இருப்பவர்களிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், ஏனென்றால் உங்கள் முன்னால் "ஒன்றும் பிரச்சினை இல்லை" என்பவர்கள் தனியாகக் கேட்டால் பட்டியலே போடுவார்கள்.

திரும்பும் வழியை மட்டும் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்: எந்தத் தேதியில் பேசுவோம், யார் முடிவு செய்வார், பழைய இடம் அதுவரை காலியாக இருக்குமா. அந்தத் தேதி வரும் வரை டியூஷன் நேரத்தை மாற்றுவது, ஒரு வருட ஜிம் சந்தா கட்டுவது, வண்டியை விற்பது எதையும் செய்யாதீர்கள். நான் ஜிம் சந்தா கட்டியிருந்தேன், செவ்வாய் புதன் வியாழன் காலைக்கு.